நான்கு அடித்த ஐந்து மணி

ஒரு மனிதன் தன் தம்பியை எவ்வளவு வெறுக்கிறான் என்பதை அளந்து சொல்ல முடியுமா? முடியும் என்றார் அச்சக மேனேஜர். இருபத்திரண்டு வரி.

"நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல பாதியில ஆரம்பிக்குது. நூத்தி நாப்பத்தி நாலுல முடியுது. எண்ணிப் பார்த்துட்டேன்." புரூஃப் கட்டை மேசைமேல் போட்டார். "ரெண்டு மணிக்கு இந்த ஃபாரம் மெஷின்ல ஏறுது. அதுக்கப்புறம் கடவுளே வந்தாலும் நிறுத்த மாட்டேன்."

"கடவுள் வந்தா நிறுத்தவா சொல்வார்? எனக்கும் ஒரு பிரதி எடுத்து வைன்னுதான் சொல்வார்," என்றான் வாலு.

மேனேஜர் சிரிக்கவில்லை. பூட்டம்மாவும் சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

பூட்டம்மா பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவள். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் துப்பறியும் தொழில். பூட்டைத் திறக்கத் தெரிந்தவளுக்கு வாயைத் திறக்க வைக்கவும் தெரியும் என்று ஊரில் பேச்சு. வாலு அவளுடைய உதவியாளன். முப்பத்தாறு வயது, பழைய இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அந்தப் பெயர்.

விஷயம் இதுதான். இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு மாலை ஐந்து மணிக்கு, எழுத்தாளர் ஒருவரை அவருடைய மாடி அறையில் ஒருவன் இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்தான், கத்தியால் வலது கையைக் கிழித்தான். எழுத்தாளர் பிழைத்தார். இடது கண் போயிற்று. ஆற்றில் கழிவைக் கொட்டிய ஒரு தொழிற்சாலையைப் பற்றி அவர் எழுதியதுதான் காரணம். அடித்தவனும் ஆள் ஏவிய முதலாளியும் இப்போது சிறையில். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. பூட்டியிருந்த கேட்டை அவனுக்கு யார் திறந்துவிட்டது? அதை மட்டும் அவன் கடைசிவரை சொல்லவில்லை.

பூட்டை அன்றைக்கே போலீஸ் பூட்டம்மாவிடம் காட்டியிருந்தது. ஒரு கீறல் இல்லை. சாவியால் திறந்த பூட்டு. சாவிகள் இரண்டு. ஒன்று எழுத்தாளரின் மேசைமேல் கிடந்தது. இன்னொன்று கீழ் வீட்டில் குடியிருந்த தம்பியின் சட்டைப் பையில். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. வழக்கு போட ஆதாரம் போதவில்லை என்று போலீஸ் தம்பியை விட்டுவிட்டது. அண்ணன் விடவில்லை. வீட்டை விட்டுத் துரத்தினார். இப்போது, தான் மீண்டு வந்த கதையைப் புத்தகமாக எழுதி, நடுவில் இருபத்திரண்டு வரியைத் தம்பிக்காக ஒதுக்கியிருந்தார்.

தம்பி, தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலைக்காரர், மூன்று நாள் முன்னால் கடைக்கு வந்து அழுதார். "ஜெயிலுக்குப் போனவன்கூட ஒருநாள் வெளிய வந்துடுவான்க்கா. புத்தகத்துக்குள்ள போனவன் வெளிய வரவே முடியாது. என் பொண்ணு அவ பெரியப்பா எழுதினது ஒண்ணு விடாம படிக்கறவ."

அதனால்தான் இப்போது இந்த அச்சகம்.

"தூக்கிடச் சொன்னா தூக்க முடியாதா சார்?" என்று கேட்டான் வாலு.

மேனேஜர் ஒரு பெரிய தாளை எடுத்து மடித்துக் காட்டினார். புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை. ஒரே தாளில் இந்தப் புறம் எட்டு, அந்தப் புறம் எட்டு, ஆகப் பதினாறு பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். தாளை மடித்து வெட்டினால் பக்கங்கள் வரிசையாக வரும். "எட்டு ஃபாரம் ஓடியாச்சு. இது ஒன்பதாவது. இருபத்திரண்டு வரியைத் தூக்கினா பின்னால இருக்கறது எல்லாம் மேல ஏறும், கடைசி வரைக்கும் பக்க எண் மாறும். தூக்கறதுன்னா அதே இடத்துல வேற இருபத்திரண்டு வரி வேணும். அதை அவர்தான் எழுதணும்."

"இதை யார் திருத்தினது?" என்றாள் பூட்டம்மா.

"புள்ளிதான். வேற யாரு?"

புள்ளி என்பது புரூஃப் பார்க்கும் பெரியவரின் பட்டப்பெயர். வாழ்நாளில் ஒரு புள்ளியைக்கூடத் தவற விட்டதில்லையாம். எழுத்தாளரின் எல்லாப் புத்தகங்களையும் அவர்தான் பார்த்தார்.

"தன் கல்யாணப் பத்திரிகையிலேயே நாலு தப்பு கண்டுபிடிச்சவராம்க்கா," என்றான் வாலு. "அஞ்சாவது தப்பு மணமேடையில உட்கார்ந்திருந்ததுன்னு அவர் சம்சாரம் சொல்வாங்களாம்."

"சிவப்புக்கும் பென்சிலுக்கும் என்ன வித்தியாசம் சார்?" பூட்டம்மா மேனேஜரிடம் கேட்டாள்.

மேனேஜர் உற்சாகமானார். தொழிலைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் உற்சாகம் வராது? சிவப்பு மை என்றால் அச்சுக்கோப்பவரின் பிழை. யாரையும் கேட்க வேண்டியதில்லை, அப்படியே மாற்றிவிடலாம். எழுதியவரே தப்பாக எழுதியிருக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் பென்சில். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அவருக்கு அனுப்ப வேண்டும். எழுதியவரின் சொல்லில் சிவப்பை வைப்பது இந்தத் தொழிலில் பெரும் பாவம். புள்ளி அந்தப் பாவத்தை நாற்பது வருடத்தில் ஒருமுறைகூடச் செய்ததில்லை.

"ஒருமுறை செஞ்சிருக்கார்," என்றாள் பூட்டம்மா.

வாலு எட்டிப் பார்த்தான். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். முதல் வரி: 'மணி ஐந்தாகியிருந்தது.' அதை யாரும் தொடவில்லை. ஆறு வரி தள்ளி: 'சுவர்க் கடிகாரம் ஐந்து முறை அடித்தது. ஐந்தாவது ஒலி அடங்குவதற்குள் என் தலையில் முதல் அடி விழுந்தது.' அங்கே சிவப்பு. 'ஐந்து முறை' என்பதை அடித்துவிட்டு 'நான்கு முறை'. 'ஐந்தாவது' என்பதை அடித்துவிட்டு 'நான்காவது'.

"மூலத்துல ஐந்துன்னுதான் இருக்கு, நானே பார்த்தேன்," என்றார் மேனேஜர். "பெரியவருக்கு வயசாகுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"மேல மணி அஞ்சு, கீழ கடிகாரம் நாலு. ரெண்டுல ஒண்ணுதானேக்கா சரியா இருக்க முடியும்?"

"ரெண்டுமே சரி," என்றாள் பூட்டம்மா. கண்ணாடியைக் கழற்றினாள். "தம்பி அழுதுகிட்டே நடுவுல ஒரு தடவை சிரிச்சாரே, எதுக்குன்னு ஞாபகம் இருக்கா?"

வாலுவுக்கு ஞாபகம் வந்தது. அன்று மதியம் ஓடாமல் கிடந்த கடிகாரத்துக்குத் தம்பிதான் சாவி கொடுத்திருந்தார். பன்னிரண்டே முக்காலில் நின்றுபோயிருந்த முள்ளை ஒரே தள்ளாக இரண்டு இருபதுக்குக் கொண்டுவந்தார். மூன்று மணி ஆனதும் கடிகாரம் இரண்டு அடித்தது.

இது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. அந்த மாதிரிப் பழைய கடிகாரத்துக்குள் இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் குடியிருக்கின்றன. ஒன்று முள்ளை நகர்த்தும். இன்னொன்று மணி அடிக்கும். மணி வந்ததும் முதல் குடும்பம் சுவரை ஒரு தட்டு தட்டும், அவ்வளவுதான் தொடர்பு. எத்தனை அடிக்க வேண்டும் என்று இரண்டாவது குடும்பம் முள்ளை எட்டிப் பார்ப்பதே இல்லை. அதற்கென்று ஒரு வெட்டுப் பல் சக்கரம் உண்டு. ஒன்று அடித்தபின் இரண்டு, இரண்டுக்குப் பின் மூன்று என்று தன் வரிசைப்படி போய்க்கொண்டே இருக்கும். தம்பி தள்ளிய வேகத்தில் கடிகாரம் ஒன்றை அடித்து முடிப்பதற்குள் முள் இரண்டைத் தாண்டிவிட்டது. அந்தத் தட்டு கேட்கவில்லை. அதிலிருந்து ஓர் எண் பின்னால். மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு மூன்று.

ஐந்துக்கு நான்கு.

"'ஞாயித்துக்கிழமை சரி பண்றேண்ணா'ன்னு சொல்லிட்டு மீட்டர் பார்க்கப் போயிட்டார். திரும்பி வந்தது அஞ்சே முக்காலுக்கு, ரத்த வெள்ளத்துல அண்ணனைத் தூக்க," என்றாள் பூட்டம்மா. "அப்புறம் அந்த ரூமைப் பூட்டிட்டாங்க. கடிகாரம் சாவி தீர்ந்து நின்னுபோச்சு. எழுத்தாளருக்கு அன்னிக்கு மதியத்துல இருந்து ஒண்ணுமே ஞாபகம் இல்லை. அஞ்சு அடிச்சதுன்னு சும்மா கற்பனையில எழுதியிருக்கார். அப்போ அஞ்சு மணிக்கு அது நாலு அடிச்சது யாருக்குத் தெரியும்?"

"அடிச்சவனுக்கு," என்றான் வாலு. குரல் தானாக இறங்கியது. "இல்லேன்னா, அப்போ அந்த ரூம்ல இருந்த இன்னொருத்தருக்கு."

போகும் வழியில் முந்தைய பக்கத்தையும் படித்தான். 'தினமும் நாலரைக்குப் போன் செய்யும் நண்பருக்கு அன்றைக்குப் பார்த்துத் தலைவலி. அவர் கூப்பிட்டிருந்தால் என் கதையே வேறு.' அந்த நண்பர் புள்ளிதான். வாலு பல்லைக் கடித்தான். தலைவலியாம், தலைவலி.

*

புள்ளியின் வீடு தரைத் தளத்தில், ஒரே அறை. ஜன்னல் ஓரம் சாய்வு மேசை, அதன்மேல் அளவுகோல், சிவப்பு மை, பென்சில்கள் நீளவாரியாக. சுவரெல்லாம் புத்தகம். பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வரவேற்றார்.

வாலு பாதை முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். நின்றபடியே போட்டு உடைத்தான். "சார், அன்னிக்கு அஞ்சு மணிக்கு நீங்க அந்த மாடி ரூம்லதான் இருந்தீங்க. மறைக்காதீங்க."

பெரியவர் அவனை ஒரு பிழையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு ஊன்றுகோலை எடுத்தார். இன்னொன்றையும் எடுத்தார். இரண்டையும் கக்கத்தில் கொடுத்து எழுந்து நிற்க முழுதாக ஒரு நிமிடம் ஆயிற்று. இடுப்புக்குக் கீழே ஒரு கால் வெறுமனே ஆடியது.

"அந்த மாடிக்கு இருபத்தோரு படி தம்பி. எனக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சு பத்து வருஷமாச்சு. வாசல் படி ஒண்ணு, அதை ஏறவே ரெண்டு பேர் பிடிக்கணும். உங்க வாக்கியத்துல பொருள் பிழை இருக்கு."

வாலுவுக்குக் காது சிவந்தது. உதவிக்கு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் அங்கே இல்லை. மேசையின் இடது ஓரத்தில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் போன் ரிசீவர்ல எதுக்கு சார் பஞ்சு வச்சுத் துணி சுத்தியிருக்கீங்க?"

"காது வலிக்கும்." பெரியவர் மெதுவாக உட்கார்ந்தார். "மணிக்கணக்கா தோள்ல இடுக்கிக்கணும். கை ரெண்டும் வேலைக்கு வேணும்."

"புரூஃபுக்குப் போன் எதுக்கு?"

தொழிலைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் பதில் சொல்லாமல் இருக்க முடியும்? சொன்னார். ஒழுங்காகப் புரூஃப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார். புள்ளி, கமா, புது பத்தி என்று அதையும் சேர்த்து. மற்றவர் அச்சான தாளில் விரல் வைத்துக்கொண்டே போவார். கண் தனியாகப் போனால் தெரிந்த சொல்லைத் தாவிவிடும். காது தாவ விடாது. இவரால் படியேற முடியாது, அவர் எழுதும் மேசையை விட்டு இறங்க மாட்டார். அதனால் போன். மாலை நாலரைக்கு இவர் கூப்பிடுவார். அவர் வாசிப்பார், இவர் திருத்துவார். எட்டு வருடம், எட்டுப் புத்தகம்.

"போன் இருக்கு," என்றாள் பூட்டம்மா. "ஒயர் இல்லையே சார்?"

பெரியவர் நேராக இருந்த பென்சில்களையே மறுபடி நேராக்கினார்.

"எப்ப பிடுங்கினீங்க?"

"இருக்கும்... ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம் ரெண்டு மாசமா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பெரியவர் அந்தச் சின்னச் சத்தத்துக்கே தோளை இடுக்கினார். வாலு அதைக் கவனித்தான்.

பூட்டம்மா நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். "தம்பி போய்ப் பார்த்தப்போ போன் ரிசீவர் கீழ தொங்கிட்டிருந்துச்சாம். உதவிக்குக் கூப்பிட ஊர்ந்து போயிருக்கார்னு போலீஸ் எழுதிக்கிட்டாங்க. மண்டை உடைஞ்சு, கை கிழிஞ்சவர் அதை எப்படி எடுத்தார்னு யாரும் கேட்கலை. அவர் எடுக்கலை சார். ஏற்கெனவே எடுத்திருந்தது. அந்த ரூம்ல நீங்க இல்லை. உங்க காது இருந்தது."

பெரியவர் சிவப்பைப் பார்த்தார். தன் கையெழுத்தையே முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். 'நான்கு முறை.'

"நானா போட்டேன்? எனக்குத் தெரியவே தெரியாதும்மா. தப்பா இருந்துச்சு, கை திருத்திடுச்சு."

அப்புறம் சொன்னார்.

"பத்து பக்கம் முடிச்சிருந்தோம். காலிங் பெல் அடிச்சுது. 'இருடா, யாரோ கீழ நிக்கறாங்க'ன்னு ஜன்னலுக்குப் போனான். அவனுக்கு முட்டி வலி, இறங்க மாட்டான். தெரிஞ்சவங்க வந்தா சாவியைக் கைக்குட்டையில முடிஞ்சு மேல இருந்து போடுவான். அவங்க திறந்துகிட்டு, சாவியை எடுத்துட்டு வந்து மேசையில வைப்பாங்க. அன்னிக்கும், 'பிடிங்க, பிடிங்க'ன்னு சத்தம் கேட்டுது. திரும்பி வந்து, 'யாரோ வாசகர்டா, கையெழுத்து வாங்க ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்காராம்'னான். அவ்வளவு சந்தோஷம் குரல்ல. அப்போ கடிகாரம் அடிச்சுது. நாலு. 'கேட்டியா, அஞ்சு மணிக்கு நாலு அடிக்குது, எல்லாம் என் தம்பி கைவரிசை'ன்னு சிரிச்சான். சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே..."

பெரியவர் ஒயர் இல்லாத ரிசீவரைப் பார்த்தார்.

"எல்லாம் கேட்டுதும்மா. அப்புறம் யாரோ ரிசீவரை எடுத்தாங்க. மூச்சுவிடற சத்தம். 'லைன்ல யாரு?'ன்னான். நான் வச்சுட்டேன்."

"வச்சுட்டு?" என்றான் வாலு.

"உட்கார்ந்திருந்தேன்."

"போலீஸுக்கு ஒரு போன் சார். ஒரே ஒரு போன். கையிலதானே இருந்துச்சு?"

"ஆமா. கையிலதான் இருந்துச்சு."

"முக்கால் மணி நேரம் சார்! அரை மணி முன்னால வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னதா இந்தப் புத்தகத்துலயே இருக்கு. நீங்கதானே புரூஃப் பார்த்தீங்க?"

"பார்த்தேன். நூத்தி ஐம்பத்தி ரெண்டாம் பக்கம்." பெரியவர் தலையைத் தூக்கவில்லை. "முதல்ல பயம். அடுத்து என்னைத் தேடி வருவான்னு. அப்புறம் வெட்கம். தலைவலின்னு சொல்லிட்டேன், அவனும் நம்பிட்டான். அப்புறம் தம்பி மேல பழி விழுந்துச்சு. சாவி போட்டது நீதான்டான்னு சொல்லணும்னா, எனக்கு எப்படித் தெரியும்னு சொல்லணுமே? அப்புறம் பழகிடுச்சு."

"இந்த இருபத்திரண்டு வரியைப் படிக்கும்போதும் பழகிடுச்சா?"

"அதுல ஒரு கமா விட்டுப் போயிருந்துச்சு," என்றார் பெரியவர். "போட்டேன்."

வாலு வெளியே போய் வாசல் படியில் நின்றுகொண்டான். ஒரே ஒரு படி. உள்ளே பூட்டம்மாவின் குரல் தாழ்வாகக் கேட்டது. அவன் திரும்பி வந்தபோது பெரியவர் பென்சிலை எடுத்திருந்தார். இருபத்திரண்டு வரிக்கும் ஓரமாக, அளவுகோல் வைத்து, நேராக ஒரு கோடு. அதன் பக்கத்தில் கேள்விக்குறி போடவில்லை. 'உண்மை அல்ல. நான் கேட்டேன்.' கீழே நடந்ததையெல்லாம் பொடி எழுத்தில் எழுதி, கையொப்பமும் தேதியும்.

*

எழுத்தாளரின் கேட்டை, அவர் கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் இறங்கி வந்து திறந்தாள். மணி பன்னிரண்டு ஐம்பது. வாலு போனில் சொன்னபடி தம்பி தெருவின் எதிர்ப்பக்கம், மூடியிருந்த ஒரு கடையின் நிழலில் நின்றுகொண்டிருந்தார். அவரை உள்ளே கூப்பிடவில்லை.

மேலே எழுத்தாளர் கைப்பயிற்சிக்கான ஒரு பச்சைக் களி உருண்டையை வலது கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் வாலுவுக்குப் பிடித்த பகுதி அதுதான். விரலை மடக்கும் தசை விரலில் இல்லையாம், முழங்கைப் பக்கம் இருக்கிறதாம். அங்கிருந்து தசைநார்க் கயிறு ஓடி விரலை இழுக்கிறது. கயிறு அறுந்தால், பாவாடை நாடா உள்ளே போய்விடுவதுபோல மேலே சுருண்டு ஓடிவிடும். டாக்டர் தேடிப் பிடித்து முடிபோட வேண்டும். போட்டபின் தினமும் அசைக்காவிட்டால் அக்கம்பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அமுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை.

"தம்பிக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றார் எழுத்தாளர். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து ஒற்றைக் கண் பார்த்தது. "உட்காருங்க. ஒரு வரியும் மாறாது."

பூட்டம்மா உட்காரவில்லை. சுவரருகே போய் நின்றுபோன கடிகாரத்தைத் திறந்தாள். சாவி கொடுத்தாள். முள்ளை ஐந்துக்குப் பக்கத்தில் கொண்டுவர அவளுக்கு நேரம் பிடித்தது. ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி, அது அடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். எல்லாரும் எண்ணினார்கள், எண்ணாமல் இருக்க முடியவில்லை. கடைசியாக ஐந்து.

நான்கு அடித்து ஓய்ந்தது.

"இதை யாரோ கெடுத்து வச்சிருக்காங்க," என்றார் எழுத்தாளர்.

"உங்க தம்பி. நீங்களே அன்னிக்குச் சொன்னீங்க, சிரிச்சுக்கிட்டே," என்றாள் பூட்டம்மா. புரூஃபை அவர் மடியில் வைத்தாள்.

அவர் படித்தார். பொடி எழுத்து, ஒற்றைக் கண், நேரமாயிற்று. களி உருண்டை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அந்தப் பெண் எடுக்கக் குனிந்தாள், பூட்டம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"பொய்," என்றார். "தெரிஞ்சவங்களுக்குத்தான் நான் சாவி போடுவேன். முன்னபின்ன தெரியாதவனுக்குப் போட எனக்கென்ன பைத்தியமா?"

"வந்தவன் வாசகர்னு சொன்னான் சார்," என்றாள் பூட்டம்மா.

அப்புறம் எழுத்தாளர் மெல்லிய குரலில் கேட்டார். "என்ன புத்தகம்னு சொன்னானா?"

வாலுவின் நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. நல்ல பதில். விழுங்கிவிட்டான்.

தான் கேட்டது என்னவென்று எழுத்தாளருக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. முகம் சுருங்கியது. "எட்டு வருஷம் தினமும் புள்ளி குரலைக் கேட்டிருக்கேன். ஆஸ்பத்திரியில என் தலைமாட்டுல உட்கார்ந்து அழுதான்." திடீரென்று நிமிர்ந்தார். "சமர்ப்பணம்! முதல் பக்கத்துல சமர்ப்பணம் அவனுக்குத்தான். அதை எடுக்கச் சொல்லுங்க."

வாலுவுக்கு அந்த வரி தெரியும். 'என் தவறு எதையும் கண்டும் காணாமல் இருந்ததே இல்லாத நண்பருக்கு.'

"முதல் ஃபாரம் ஓடிடுச்சு சார்," என்றான்.

எழுத்தாளர் சிரித்தார். கேட்க நன்றாக இல்லை. தரையில் கிடந்த உருண்டையைக் காலால் தள்ளினார். "ரெண்டு வருஷமா இதை அமுக்கும்போதெல்லாம் என் தம்பி கழுத்துன்னு நினைச்சு அமுக்கினேன். அப்படித்தான் கை வந்துச்சு. டாக்டருக்கே ஆச்சரியம். இனிமே யார் கழுத்துன்னு நினைச்சு அமுக்கறது, சொல்லுங்க?"

பூட்டம்மா மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வாலுவிடம் நீட்டினாள்.

"ஒன்பதாவது ஃபாரம் ரெண்டு மணிக்கு ஏறுது சார். இருபத்திரண்டு வரி வேணும்," என்றாள் பூட்டம்மா.

சொன்னார். வாலு எழுதினான். தொழில்காரர், நின்று யோசிக்கவே இல்லை. நண்பனின் காதைப் பற்றி, தொங்கிய ரிசீவரைப் பற்றி, ஒரு எண் குறைத்து அடித்த கடிகாரத்தைப் பற்றி, தம்பியைச் சந்தேகித்த இரண்டு வருடத்தைப் பற்றி. ஒவ்வொரு வாக்கியமும் கண்ணில் நீர் வரவைத்தது. வாலுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பிறகு எழுத்தாளர் ஜன்னலுக்குப் போனார்.

"கீழ நிக்கறது அவனா?"

"ஆமா சார்."

அவர் சுவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்த அதே சாவி, அதே கைக்குட்டை முடிச்சு. வலது கையில் வைத்துக்கொண்டு, "டேய்!" என்று குரல் கொடுத்தார். தம்பி நிமிர்ந்தார். எழுத்தாளர் வீசினார்.

எறிவது என்றால் பலம் என்றுதான் நினைக்கிறோம். இல்லை. சரியான நொடியில் விரலைத் திறப்பதுதான் எறிதல். அந்தக் கைக்கு இரண்டு வருடமாகப் பிடிக்க மட்டுமே பயிற்சி கொடுத்திருந்தார்கள். விடுவதற்கு யாரும் கொடுக்கவில்லை. விரல்கள் தாமதமாகத் திறந்தன. சாவி தெருவுக்குப் போகாமல், செங்குத்தாக, சுவர் ஓரத்துச் சாக்கடை விளிம்பில் போய் விழுந்தது.

தம்பி தெருவைக் கடந்து வந்தார். குனிந்து எடுத்தார். கைக்குட்டையில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டார். கேட்டுக்கு வந்து சாவியைப் பூட்டில் நுழைத்தார். திருப்பவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து மேலே பார்த்தார்.

"புத்தகம் வரட்டும்ணா," என்றார். கோபமே இல்லாத குரல். "என் பொண்ணு படிக்கட்டும். அவ என்ன சொல்றான்னு பார்த்துட்டு வர்றேன்."

போய்விட்டார். மீட்டர் பார்ப்பவரின் நடை, ஒரு வீட்டையும் விடாமல் ஓரமாகவே போகிற நடை. கேட்டில் கைக்குட்டை ஆடிக்கொண்டிருந்தது.

எழுத்தாளர் ஜன்னலிலிருந்து திரும்ப வெகுநேரம் ஆயிற்று. "எத்தனை வரி வந்திருக்கு?"

வாலு எண்ணினான். மறுபடி எண்ணினான். "இருபத்தொண்ணு சார்."

"ஒண்ணு குறையுதா?"

"குறையுது," என்றாள் பூட்டம்மா. "நண்பர் வந்துட்டார், கடிகாரம் வந்துடுச்சு, தம்பி வந்துட்டார். இருபத்தொரு வரியிலயும் நீங்க மட்டும் வரலை சார்."

சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையான மணி ஒன்று முப்பத்தைந்து. எழுத்தாளர் வாலுவின் கையிலிருந்து பேனாவை வாங்கினார். இடது கையால் அல்ல. வலது கை விரல்களுக்கு நடுவே அதை ஒவ்வொன்றாகப் பொருத்தி, தாளின் அடியில், குழந்தையின் எழுத்துபோல, பெரிது பெரிதாக எழுதினார்.

'சாவியைப் போட்டது நான்.'

வாலு தாளை வாங்கிக்கொண்டு இருபத்தோரு படியும் இறங்கி ஓடினான். கேட்டைத் திறக்க, பூட்டில் தொங்கிய சாவியை அவன்தான் திருப்ப வேண்டியிருந்தது.